மேட்டுப்பாத்திக்கு எவ்வளவு மண்?

செங்கல், பலகை, தகரம் ஆகியவற்றுள் ஒன்றால் நான்கு புறமும் அடைத்து, தரைமட்டத்திற்கு மேலே மண் நிரப்பிக் காய்கறி பயிரிடும் மேட்டுப்பாத்தி முறை, தமிழக நகரங்களின் வீட்டுக் கொல்லைகளிலும் மொட்டைமாடிகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. இம்முறையில் பெருஞ்செலவு மண்ணுக்கே ஆகிறது. எவ்வளவு மண் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு, நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும் என்பதே வழக்கமான விடை. ஆயினும் அவ்வாறு பெருக்கி வாங்கிய மண் சில வீடுகளில் மீந்து வாசலில் குவிந்து கிடக்கிறது. வேறு சில வீடுகளிலோ இரண்டு மழை பெய்து முடிவதற்குள் நிரப்பிய பாத்தி நான்கு விரற்கடை இறங்கிவிடுகிறது. இங்கே பிழை பெருக்கலில் இல்லை. மண் என்பது நிலையான கனஅளவு கொண்ட பொருள் அன்று. திடத்துகள்களும் அவற்றுக்கிடையே உள்ள நீரும் காற்றும் சேர்ந்த அமைப்பே மண் என்பதால், ஒரே மண் தோண்டப்படுவதற்கு முன் ஓர் அளவாகவும், லாரியில் ஏறியதும் வேறோர் அளவாகவும், பாத்தியில் விழுந்து நனைந்த பின் மற்றோர் அளவாகவும் இருக்கிறது. இம்மாற்றங்களின் காரணத்தை அறிந்துகொண்டால், வாங்க வேண்டிய அளவைப் பெரிதும் பிழையின்றிக் கணக்கிட முடியும்.

அடி திறந்த பாத்தியும் அடி மூடிய பாத்தியும்

கணக்கைத் தொடங்குவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது பாத்தியின் அடிப்பகுதி எத்தகையது என்பதாகும். பாத்தி வெறும் நிலத்தின் மேல் அமைந்தால், வேர்கள் நிரப்பிய மண்ணைக் கடந்து கீழே உள்ள இயற்கை மண்ணுக்குள்ளும் இறங்கும். ஆகவே அடிநிலத்தை ஒரு மண்வெட்டி ஆழத்திற்குக் கொத்தி இளக்கிவிட்டால், அதன்மேல் ஆறு முதல் எட்டு அங்குலம் புதிய மண் இட்டாலே தக்காளிக்கும் கத்தரிக்கும் போதுமான வேர்மண்டலம் கிடைத்துவிடும். சிமெண்ட் தளத்தின் மேலோ மாடியின் மேலோ அமையும் பாத்தியில் அத்தகைய வாய்ப்பு இல்லாததால், செடிக்கு வேண்டிய முழு ஆழத்தையும் விலைக்கு வாங்கியே ஆக வேண்டும். அங்கே கீரை வகைகளுக்கு ஆறு முதல் எட்டு அங்குலமும், தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்றவற்றுக்குக் குறைந்தது பத்து முதல் பன்னிரண்டு அங்குலமும் தேவைப்படுகின்றன.

திறந்த நிலத்தில் மண்ணை வாங்காமலே மேட்டுப்பாத்தி அமைக்கும் முறை உழவர்களுக்குப் புதிதன்று. மஞ்சளுக்கும் வெங்காயத்திற்கும் பார் பிடிக்கும்போது, வாய்க்கால் தோண்டிய மண்ணே பாரின் மேல் ஏறுகிறது. இதே முறையை வீட்டுத் தோட்டத்திற்கும் கொண்டுவரலாம். மூன்று அடி அகலப் பாத்திகளுக்கு இடையே ஒன்றரை அடி நடைபாதை விட்டு, அந்தப் பாதையை நான்கு அங்குலம் தோண்டி மண்ணைப் பாத்தியின் மேல் பரப்பினால், பாத்தி இரண்டு அங்குலம் உயர்கிறது. பாதை நான்கு அங்குலம் தாழ்ந்துவிட்டதால், பாதையிலிருந்து பார்க்கும்போது பாத்தியின் உயரம் ஆறு அங்குலமாகிறது. இவ்வாறு கிடைக்கும் மண்ணைக் கழித்த பிறகே எஞ்சிய தேவைக்கு வெளியிலிருந்து வாங்குவது பொருத்தமாகும்.

அடி மூடிய பாத்தியில் மண் செலவைக் குறைக்க, அடியில் ஜல்லி பரப்பி மேலே மண் இடும் வழக்கம் உண்டு; அது நீர் வடிவதற்கும் உதவும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்திருக்கிறது. மண்ணின் நுண்ணிய துளைகள் நுண்புழை விசையால் நீரை இழுத்து வைத்திருப்பதால், வடிதுளை இருந்தாலும் மண்ணடுக்கின் அடியில் நீர் நிறைந்த ஒரு பகுதி எப்போதும் எஞ்சி நிற்கும். அப்பகுதியின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துளையளவே அன்றிப் பாத்தியின் ஆழம் அன்று. நுண்ணிய துளையிலிருந்து ஜல்லியின் பெரிய இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது என்பதால், ஜல்லி இட்டால் அந்த ஈர அடுக்கு மறைவதற்கு மாறாக மேலே ஏறி, வேர் மூச்சுவிடும் பகுதியைக் குறைத்துவிடுகிறது. எனவே ஜல்லியால் மிச்சமாகும் மண், பயிருக்கு நட்டமாகவே முடிகிறது.

பாத்தியின் உள்ளளவு

பாத்தியைப் பற்றிப் பேசும்போது மக்கள் பெரும்பாலும் வெளியளவையே சொல்கின்றனர். மண் நிரம்புவதோ உள்ளளவில். பலகையாலோ தகரத்தாலோ அடைத்த பாத்தியில் இவ்வேறுபாடு மிகச் சிறியது. செங்கல் கட்டிய பாத்தியில் அது பெரிது. வெளியே எட்டு அடி நீளமும் மூன்று அடி அகலமும் கொண்ட ஒரு பாத்தியைச் சுற்றி நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால், நீளத்திலும் அகலத்திலும் ஒன்பது அங்குலம் வீதம் குறைந்து, உள்ளே 7.25 அடி நீளமும் 2.25 அடி அகலமுமே எஞ்சுகின்றன. வெளியளவில் 24 சதுர அடியாகத் தெரிந்த பரப்பு உள்ளே 16.3 சதுர அடியாகிறது. அதாவது, கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுவருக்குள் போய்விடுகிறது.

உயரத்திலும் இதுபோன்ற கழிவு ஒன்று உண்டு. சுவரின் விளிம்பு வரை மண் நிரப்பினால் ஊற்றும் நீர் வழிந்து மேல்மண்ணை அரித்துச் செல்லும். காய்ந்த இலை, வைக்கோல் ஆகியவற்றால் மூடாக்கு இடவும் இடம் இருக்காது. ஆகவே விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நிரப்புவதே முறை. ஓர் அடி உயரமுள்ள சுவருக்குப் பத்து அங்குலம் மண் என்று கொண்டால், மேலே சொன்ன பாத்தியின் கொள்ளளவு 13.6 கன அடி. அத்தகைய பாத்திகள் மூன்றுக்கு 40.8 கன அடி மண் நிலைத்து நிற்க வேண்டும். வெளியளவை மட்டும் பெருக்கியவர் கணக்கில் அதுவே 72 கன அடியாக இருந்திருக்கும். ஒரு கன அடி 28.3 லிட்டருக்குச் சமம் என்பதால், 40.8 கன அடி என்பது சுமார் 1,155 லிட்டர் ஆகும்.

சுவரில்லாமல் மண்ணையே சரிவாக ஒதுக்கி அமைக்கும் பாத்திகளுக்கு, அடி அகலத்தையும் மேல் அகலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கிடைக்கும் சராசரியை உயரத்தோடும் நீளத்தோடும் பெருக்க வேண்டும். வட்டமான பாத்திக்கு, ஆரத்தைத் தன்னாலேயே பெருக்கி, அதை 22/7 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் கனஅளவு கிடைக்கும்.

மண்ணுக்குள் இருக்கும் வெற்றிடம்

இதுவரை பார்த்தவை பாத்தியைப் பற்றிய கணக்குகள். சிக்கலானது மண்ணைப் பற்றிய கணக்கு. மண்ணின் கனிமத் துகள்களில் பெரும்பாலானவை குவார்ட்சும் அதை ஒத்த தாதுக்களும் ஆகும். அவற்றின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 கிராம். இது துகள் அடர்த்தி எனப்படுகிறது. துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளையும் சேர்த்து, ஒரு கன சென்டிமீட்டர் உலர்ந்த மண் எவ்வளவு எடையுள்ளது என்று பார்த்தால், அது பரும அடர்த்தி எனப்படும். நல்ல தோட்ட மண்ணின் பரும அடர்த்தி சுமார் 1.3 கிராம். இவ்விரு எண்களையும் ஒப்பிட்டால், மண்ணின் கனஅளவில் ஏறத்தாழப் பாதிதான் திடப்பொருள், மறுபாதி வெற்றிடம் என்பது தெளிவாகும். இந்த வெற்றிடப் பங்கைப் புரைமை என்பர்.

புரைமையைக் குறையாகக் கருதக் கூடாது. நீர் தங்குவதும் காற்று உலாவுவதும் வேர் நுழைவதும் அந்த இடைவெளிகளில்தான். மணற்பாங்கான மண்ணின் பரும அடர்த்தி 1.8 அளவை எட்டும்போதும், களிமண்ணின் பரும அடர்த்தி 1.5 அளவை நெருங்கும்போதும் வேர் வளர்ச்சி பெரிதும் தடைப்படுகிறது. ஆகவே குறைந்த மண்ணில் பாத்தியை நிரப்ப முயல்வதும், நிறைய மண்ணை மிதித்து அடைப்பதும் ஒன்றுபோலவே தவறானவை. மண் மிக உலர்ந்தோ மிக நனைந்தோ இல்லாமல் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில் இருக்கும்போதுதான், கொடுக்கும் அழுத்தத்திற்கு மிக அதிகமாக இறுகும் என்பதை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர்வழங்கல் துறையில் பணிபுரிந்த பொறியாளர் ரால்ஃப் புரோக்டர் 1933இல் விளக்கினார். அணைக்கட்டுக்கும் சாலைக்கும் விரும்பப்படும் அந்த இறுக்கம் தோட்டத்திற்குப் பகை என்பதால், ஈரமான மண்ணைப் பாத்தியில் இட்டு மிதிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கலவைகளில் வெற்றிடத்தின் விளைவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒரே அளவுள்ள கோளங்களை எத்துணை நெருக்கமாக அடுக்கினாலும் இடத்தில் சுமார் 74 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப இயலாது என்று யோகன்னஸ் கெப்ளர் 1611இல் கருதுகோளாக முன்வைத்தார். அதற்கான நிறுவலைத் தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் அறிவித்தார். ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கிய கோளங்களோ சுமார் 64 விழுக்காட்டு இடத்தையே நிரப்புகின்றன. ஆனால் பல அளவுத் துகள்கள் கலக்கும்போது, பெரியவற்றின் இடைவெளிகளில் சிறியவை புகுந்துகொள்கின்றன. ஒரு படி கொண்டைக்கடலையோடு ஒரு படி எள்ளைக் கலந்தால் இரண்டு படி தேறாததற்கு இதுவே காரணம். செம்மண்ணோடு மண்புழு உரத்தையும் தென்னை நார்க் கழிவையும் கலக்கும்போதும் இதே நிகழ்வதால், பாகங்களின் கூட்டுத்தொகையைவிடக் கலவையின் கனஅளவு குறைந்தே அமைகிறது.

ஈரமும் உதிர்வும்

நிலத்தில் இறுகிக் கிடக்கும் மண்ணை இயந்திரம் தோண்டி எடுக்கும்போது, கட்டிகள் உடைந்து புதிய இடைவெளிகள் தோன்றுகின்றன. சாதாரண மண் இவ்வாறு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெருகுவது மண்வேலைப் பொறியாளர்கள் நன்கு அறிந்த செய்தி. லாரியில் வந்து இறங்குவது இவ்வாறு பெருத்த மண்ணே ஆகும். வழியில் வண்டி குலுங்குவதால் அது சிறிது படிகிறது; பாத்தியில் இட்டு நீர் ஊற்றிய பின், கட்டிகள் நனைந்து தளர்ந்து, துகள்கள் இடைவெளிகளுக்குள் இறங்க, மேலும் படிகிறது.

மணலில் ஈரத்தின் விளைவு இதற்கு நேர்மாறானது. சிறிதளவு ஈரம் உள்ள மணலில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் அமையும் நீர்ப்படலம், துகள்களை நெருங்கவிடாமல் தாங்கிப் பிடிப்பதால், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவான ஈரத்திலேயே மணலின் கனஅளவு 20 முதல் 30 விழுக்காடு வரை கூடிவிடுகிறது. நுண்மணலில் இப்பெருக்கம் இதையும் விஞ்சும். முழுவதும் நீரில் மூழ்கிய மணலில் இந்தத் தாங்கல் இல்லாமற்போவதால், கனஅளவு உலர்ந்த நிலைக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே கலவையில் சேர்ப்பதற்காகக் கன அடிக் கணக்கில் ஈர மணலை வாங்குபவர், தாம் எண்ணியதைவிடக் குறைந்த மணலையே பெறுகிறார். எடைக்கணக்கில் வாங்குபவரோ நீருக்கும் விலை கொடுக்கிறார். மழைக்காலத்தில் வாங்க நேர்ந்தால் இவ்விரண்டையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இறக்கத்தைக் கணக்கிடுதல்

கலக்கும்போது குறைவதும் நனைந்து படிவதும் சேர்ந்து எவ்வளவு என்பது மண்ணுக்கு மண், கலவைக்குக் கலவை மாறுபடும். எனவே எல்லார்க்கும் பொதுவான ஓர் எண்ணைத் தருவதைவிட, அதை வீட்டிலேயே அளந்தறிவது சிறந்தது. வாங்க உத்தேசித்துள்ள பொருள்களில் சிறிதளவைப் பெற்று, ஒரே பாத்திரத்தால் தலை தட்டி அளந்து, எத்தனை பாத்திரம் இடப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்டு, நன்கு கலக்க வேண்டும். பின்னர் அடியில் துளையிட்ட, பக்கம் சரியாத ஒரு வாளியிலோ பெட்டியிலோ அதை இட்டு, பாத்திக்கு நீர் விடுவதுபோலவே பூவாளியால் சில நாள் நீர் ஊற்றி, படிவது நின்ற பிறகு எஞ்சிய கனஅளவை அளக்க வேண்டும். பத்துப் பாத்திரம் இட்ட கலவை எட்டுப் பாத்திரமாகப் படிந்தால், எஞ்சும் பங்கு 0.8 ஆகும்.

இந்த எண்ணைப் பயன்படுத்தும் முறையில் பலர் தவறுகின்றனர். நூற்றுக்கு இருபது குறையும் என்பதால் நூற்றுக்கு இருபது கூடுதலாக வாங்கினால் போதும் என்று கருதுவது இயல்பு. ஆனால் குறைவு ஏற்படுவது வாங்கிய அளவிலிருந்தே அன்றித் தேவையான அளவிலிருந்து அன்று. 40.8 கன அடியோடு இருபது விழுக்காட்டைக் கூட்டி 49 கன அடி வாங்கினால், அது படிந்து 39 கன அடியாகிப் பற்றாக்குறையே ஏற்படும். தேவையான அளவை எஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும்: 40.8 ஐ 0.8 ஆல் வகுத்தால் 51 கன அடி கிடைக்கிறது. குறைவு பத்து விழுக்காடாக இருக்கும்போது இரு முறைகளுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. முப்பது விழுக்காட்டை எட்டும்போது, கூட்டும் முறை தேவையில் பதினொன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது.

யூனிட், கட்டி, மூட்டை

கணக்கு முடிந்தாலும், சந்தையில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு அளவையில் விற்கப்படுவதால் மீண்டும் ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. செம்மண்ணும் மணலும் தமிழகத்தில் யூனிட் கணக்கில் வருகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். மண்புழு உரமும் தொழுவுரமும் கிலோக் கணக்கில் மூட்டையாக வருகின்றன. கோகோபீட் என்ற பெயரில் விற்கப்படும் தென்னை நார்க் கழிவு, அழுத்திய கட்டிகளாக வருகிறது.

மேலே கண்ட மூன்று பாத்திகளுக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு நார்க் கழிவு என்ற விகிதத்தைக் கொண்டால், 51 கன அடியில் செம்மண் 25.5 கன அடியும், மற்ற இரண்டும் தனித்தனியே 12.75 கன அடியும் ஆகும். செம்மண் கால் யூனிட்டைச் சற்றே கடக்கிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவு 1.25 கன அடி என்று கட்டடப் பணிகளில் கொள்ளப்படுவதால், காலிச் சிமெண்ட் சாக்கால் அளந்தால் 21 சாக்குச் செம்மண் போதும். உலர்ந்து உதிர்ந்த செம்மண் லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ என்று கொண்டால் அதன் எடை 900 கிலோவாகும்.

மண்புழு உரத்தில் 12.75 கன அடி என்பது 361 லிட்டர். அதன் எடை ஈரப்பதத்தைப் பொறுத்து லிட்டருக்கு 600 முதல் 800 கிராம் வரை மாறுவதால், 215 முதல் 290 கிலோ வரை தேவைப்படலாம். அளவு தெரிந்த ஒரு வாளியில் உரத்தை நிரப்பி நிறுத்துப் பார்த்து, கிடைக்கும் எடையை வாளியின் லிட்டரால் வகுத்தால் வாங்கும் உரத்திற்கே உரிய எண் கிடைத்துவிடும். ஐந்து கிலோ நார்க் கழிவுக் கட்டி ஒன்று நீரில் ஊறி உதிர்ந்தால் சுமார் 60 முதல் 75 லிட்டர் வரை விரிகிறது; ஆகவே 361 லிட்டருக்கு ஆறு கட்டிகள் போதுமானவை. கட்டியின் கனஅளவைக் கணக்கில் கொள்ளாமல் விரிந்த பின்னுள்ள அளவையே கொள்ள வேண்டும் என்பது இங்கே முதன்மையானது. நார்க் கழிவில் உப்பு மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், ஊறிய நீரை வடித்து இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே கலக்க வேண்டும்.

இறங்கிய குவியலை அளத்தல்

கேட்ட அளவு மண் வந்திருக்கிறதா என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. வண்டியிலிருந்து கொட்டுவதற்கு முன்பாயின், வண்டித் தொட்டியின் உள்நீளம், உள்ளகலம், மண் நிற்கும் சராசரி உயரம் ஆகியவற்றை அளந்து பெருக்கலாம். கொட்டிய பின்பாயின், குவியல் கூம்பு வடிவில் அமைவதால் அதன் அடிச்சுற்றளவையும் உச்சியின் உயரத்தையும் கொண்டு கனஅளவைக் காணலாம்.

கூம்பின் உள்ளே ஆரத்தை அளப்பது கடினம். சுற்றளவைக் கயிற்றால் அளப்பதோ எளிது. இந்த வசதியை நன்கு உணர்ந்த இரண்டாம் பாஸ்கரர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய லீலாவதி என்னும் கணித நூலில், தானியக் குவியலின் சுற்றளவை ஆறால் வகுத்து, கிடைத்ததைத் தன்னாலேயே பெருக்கி, உயரத்தாலும் பெருக்கினால் கனஅளவு கிடைக்கும் என்று விதி தந்திருக்கிறார். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் மூன்று மடங்கு என்று தோராயமாகக் கொண்டால் வருவதே இவ்விதி என்பதால், உண்மை அளவைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு மிகுத்தே காட்டும். 22 அடி சுற்றளவும் இரண்டரை அடி உயரமும் உள்ள மண்குவியலுக்கு இவ்விதி 33.6 கன அடி என்று தருகிறது. 22/7 கொண்டு செய்யும் கணக்கு 32.1 கன அடி என்று தருகிறது. வாசலில் நின்று சரிபார்ப்பதற்கு இந்த அளவு நுட்பமே போதும்.

அந்நூல் இதோடு நிற்கவில்லை. குவியலின் உயரம், பருத்த தானியமாயின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்காகவும், நுண்ணிய தானியமாயின் பதினொன்றில் ஒரு பங்காகவும், வாலுள்ள தானியமாயின் ஒன்பதில் ஒரு பங்காகவும் இருக்கும் என்று அது வகைப்படுத்துகிறது. இந்த விகிதங்களைச் சரிவுக் கோணமாக மாற்றினால் முறையே ஏறத்தாழ 32, 30, 35 பாகைகள் கிடைக்கின்றன. உதிரிப்பொருள் ஒன்று சரிந்து விழாமல் நிற்கக்கூடிய மிகுதியான சாய்வை ஓய்வுக்கோணம் என்று இன்றைய இயற்பியல் குறிப்பிடுகிறது. துகள்களின் உராய்வும் வடிவமும் ஈரமும் அதைத் தீர்மானிக்கின்றன. உலர்ந்த மணலுக்கு அது 34 பாகையை ஒட்டி அமைகிறது. ஈரமான செம்மண் இதைவிடச் செங்குத்தாக நிற்கும் என்பதால், ஒரே சுற்றளவுள்ள இரு குவியல்களில் உயர்ந்தது ஈரமானதாகவும் இருக்கலாம். ஆகவே சுற்றளவை மட்டும் கண்டு முடிவுக்கு வராமல் உயரத்தையும் அளப்பது இன்றியமையாதது.

மாடியில் எடைக் கணக்கு

தரையில் கனஅளவே முதன்மைக் கணக்கு. மாடியிலோ எடையே முதன்மைக் கணக்கு. மக்கள் நடமாடும் மொட்டைமாடிகள் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி வகுத்துள்ளது. இது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். நடமாட்டத்திற்கென்று கருதப்படாத கூரைகளுக்கு இதில் பாதியே குறிக்கப்பட்டுள்ளது.

இதனோடு மண்ணின் எடையை ஒப்பிட வேண்டும். உலர்ந்த மண்ணின் எடையை அன்று, அடைமழைக்குப் பின் நீர் நிறைந்த மண்ணின் எடையை. நீர் நிறைந்த சாதாரண மண் லிட்டருக்கு 1.9 கிலோ வரை எடையுள்ளது என்பதால், பத்து அங்குல ஆழத்தில், அதாவது 25 சென்டிமீட்டரில், ஒரு சதுர மீட்டருக்கு 475 கிலோ சுமை ஏறுகிறது. எடை குறைந்தது என்று நம்பி வாங்கப்படும் நார்க் கழிவும் உலர்ந்திருக்கும்போதுதான் இலேசானது. தன் கனஅளவில் பெரும்பகுதியை நீரால் நிரப்பிக்கொள்ளும் தன்மையால், முழுதும் நனைந்த நிலையில் அதன் எடை ஏறத்தாழ நீரின் எடையையே நெருங்கிவிடுகிறது. அந்நிலையில் 25 சென்டிமீட்டர் ஆழத்திற்குச் சதுர மீட்டருக்கு 240 கிலோ வரை ஆகிறது. இரண்டும் கலந்த கலவையின் எடை இவ்விரு எண்களுக்கும் இடையில் அமையும். ஆகவே எந்தக் கலவையாயினும் மாடி முழுவதும் பத்து அங்குலம் பரப்பத் தக்கதன்று. பாத்திகளை உத்தரங்களும் சுவர்களும் தாங்கும் இடங்களுக்கு நேர் மேலே இடைவிட்டு அமைப்பதும், ஆழம் குறைந்த கீரைப் பாத்திகளை மிகுதியாக்குவதும், கட்டடத்தின் அமைப்பை அறிந்த பொறியாளரிடம் முன்னதாகவே காட்டி ஒப்புதல் பெறுவதும் உயிர்காக்கும் முன்னெச்சரிக்கைகள் ஆகும்.

ஆண்டுதோறும் குறையும் மண்

நனைந்து படிவது சில வாரங்களில் நின்றுவிடும். ஆனால் வேறொரு குறைவு நிற்பதே இல்லை. தொழுவுரத்திலும் மண்புழு உரத்திலும் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் உண்டு, அதன் கரியைக் கரியமில வாயுவாக வெளியேற்றுவதால், பாத்தியின் ஒரு பகுதி ஆண்டு முழுவதும் காற்றில் கரைந்துகொண்டிருக்கிறது. போதிய ஈரம் இருக்குமாயின், வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் உயரும்தோறும் இச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை பத்துப் பாகையை ஒட்டியுள்ள இங்கிலாந்தோடு ஒப்பிட்டால், இருபத்தெட்டுப் பாகையை ஒட்டியுள்ள சென்னையில் சிதைவு மூன்று மடங்கிற்கும் மேல் விரைந்து நிகழக்கூடும் என்பது இதன் பொருள்.

குளிர்நாட்டு நூல்கள் தரும் கலவை விகிதங்களை அப்படியே ஏற்கக் கூடாது என்பதற்கு இதுவே தக்க காரணம். அமெரிக்காவில் மெல் பார்த்தலோமியூ பரப்பிய கலவையில் மூன்றில் ஒரு பங்கு மட்கு உரமும், மூன்றில் ஒரு பங்கு பீட் என்னும் சதுப்புநில மட்கும், மூன்றில் ஒரு பங்கு வெர்மிகுலைட் என்னும் பொரித்த கனிமமும் உள்ளன. மூன்றில் இரண்டு பங்கு கரிமப் பொருளாக அமைந்த இத்தகைய கலவை வெப்பநாட்டில் விரைவாக இறங்கிவிடும். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம் 1930களில் உருவாக்கிய தொட்டிக் கலவையோ ஏழு பங்கு வண்டல் கலந்த மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல் என்ற விகிதத்தைக் கொண்டது. பன்னிரண்டில் ஒன்பது பங்கு கனிமமாக இருப்பதால் அதன் எலும்புக்கூடு சிதையாமல் நிற்கும். தமிழகத்தின் வெப்பத்திற்கு இந்த இரண்டாம் வழியே நெருக்கமானது. கலவையில் குறைந்தது பாதியாவது செம்மண், வண்டல், மணல் போன்ற கனிமமாக இருந்தால், கரிமப் பொருள் கரைந்த பின்னும் பாத்தியின் உயரம் பெரிதும் காக்கப்படும்.

தென்னை நார்க் கழிவு இதில் சற்று வேறுபட்டது. லிக்னின் என்னும் கடினமான மரப்பொருள் மிகுந்திருப்பதால் அது மெதுவாகவே மட்குகிறது. ஆனால் அதில் கரியின் அளவு தழைச்சத்தைப்போல் நூறு மடங்கை ஒட்டியிருப்பதால், மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடிக்குப் பற்றாக்குறையை உண்டாக்குகின்றன. சிப்பிக் காளான் வித்தையும் யூரியாவையும் கொண்டு நார்க் கழிவை முன்கூட்டியே மட்கச் செய்யும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துவருகிறது. அவ்வாறு மட்கிய நார்க் கழிவு, கனஅளவிலும் சத்திலும் கூடுதல் நிலைத்தன்மை உடையது. பாத்தியின் அடியில் மட்டைகளையோ மரத்துண்டுகளையோ இட்டு மண் செலவைக் குறைப்பவர்களும், அவை மட்குந்தோறும் பாத்தி இறங்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், மண் வாங்குவதை ஒரே நாளில் முடிக்கும் செலவாகக் கருதுவதைவிட, தொடக்கத்தில் ஒரு பெருந்தவணையும் பின்னர் ஆண்டுதோறும் சிறு தவணைகளும் கொண்ட செலவாகக் கருதுவதே பொருந்தும். முதல் தவணையில் நிலைத்து நிற்கும் கனிம மண்ணை முழுமையாக வாங்கிவிட வேண்டும். கரையக்கூடிய உரத்தை அந்தப் பருவத்திற்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பயிர் முடிவிலும் இறங்கிய உயரத்தை அளந்து அதற்கேற்ப இட வேண்டும். 16.3 சதுர அடிப் பாத்தி ஒன்று ஓர் அங்குலம் இறங்கினால், அதை நிரப்ப 1.36 கன அடி, அதாவது 38 லிட்டர் உரமே போதும். மூன்று பாத்திகளுக்கும் சேர்த்து 115 லிட்டர். சமையலறைக் கழிவையும் சருகையும் மட்க வைக்கும் வீட்டில் இந்த அளவில் கணிசமான பகுதி விலையின்றியே கிடைத்துவிடும். உள்ளளவை அளந்து, எஞ்சும் பங்கால் வகுத்து, எடையைச் சரிபார்த்து, ஆண்டு இறக்கத்தைக் குறித்துவைக்கும் குடும்பத்திற்கு, இரண்டு மூன்று பருவங்களுக்குப் பிறகு எந்த நூலின் அட்டவணையும் தேவைப்படாது. தன் மண்ணுக்கும் தன் வெயிலுக்கும் உரிய எண்கள் அதனிடமே இருக்கும்.